தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு: வீடு, போக்குவரத்து, உள்ளாட்சி பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் என்று தமிழ்நாட்டின் சார்பில் 57 பேர் டெல்லியில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் யார் எத்தனை கேள்வி கேட்டார் என்று பட்டியல் வெளிவருகிறது. எங்கள் கவலை அந்த எண்ணிக்கை பற்றியது இல்லை. வீட்டுவசதி, போக்குவரத்து, உள்ளாட்சி ஆகிய மூன்றிலும் கேட்கப்படும் பல கேள்விகள் "இது மாநில அரசின் பொறுப்பு" என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிடுகின்றன. அப்படித் தட்டிக்கழிக்க இடம் கொடுக்காமல் கேட்க வழி உண்டு. அதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறோம்.

அந்தப் பதில் ஏன் வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் உள்ளாட்சி (பதிவு 5), நிலம் (பதிவு 18), உள்ளூர்ச் சாலைகள் (பதிவு 13) மூன்றும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ரயில்வேயும் தேசிய நெடுஞ்சாலையும் ஒன்றியப் பட்டியல். மோட்டார் வாகனம் பொதுப் பட்டியல். மக்களவை நடைமுறை விதி 41-ன்படி, இந்திய அரசின் நேரடிப் பொறுப்பில் இல்லாத விஷயத்தைக் கேள்வியாக்க முடியாது. "எங்கள் மாவட்டத்தில் வீடில்லாத ஏழைகளுக்கு வீடு கிடைக்காதது ஏன்?" என்று கேட்டால் மக்களவைச் செயலகத்திலேயே நின்றுபோகும். தப்பிப் போனாலும் மாநிலத்தைக் கைகாட்டிப் பதில் வரும். ஆனால் ஒவ்வொரு திட்டத்திலும் ஒன்றிய அரசு மட்டுமே பதில் சொல்லக்கூடிய மூன்று விஷயங்கள் உண்டு: அது வகுத்த விதி, அது விடுவிக்க வேண்டிய தொகை, அது வைத்திருக்கும் நிபந்தனை. கேள்வியை இந்த மூன்றில் ஒன்றின்மேல் நிறுத்துங்கள். பதில் சொல்லாமல் நழுவ முடியாது.

அடுத்தது, எந்த அமைச்சகம் என்பது. இதில்தான் அதிகமாகக் கோட்டை விடுகிறோம். மெட்ரோ ரயில், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகத்தைச் சேர்ந்தது. கிராமத்து வீட்டுத் திட்டம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்திடம். ஊராட்சிகளுக்கான நிதிக்குழு மானியத்துக்குப் பரிந்துரை பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்திலிருந்து போகிறது, பணத்தை விடுவிப்பது நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை. அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள் என்று வைத்திருக்கிறார்கள். தவறான அமைச்சகத்துக்குப் போன கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படும். அதன் நாளும் மாறும். குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டியிருப்பதால், குறுகிய கூட்டத்தொடரில் அது இரண்டாம் வாய்ப்பைத் தொலைத்ததற்குச் சமம்.

மக்களவையில் ஒரு நாளைக்கு, அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்விகள் 20 பட்டியலில் ஏறும். கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான், அதில் ஏழெட்டைத் தாண்டுவதே அரிது. குலுக்கலில் பின்னால் விழுந்தால் எழுத்துப் பதில் மட்டும் கிடைக்கும், துணைக்கேள்வி கேட்க முடியாது. ஆகவே எண்களும் தேதிகளும் வேண்டுமென்றால், எழுத்தில் மட்டும் பதில் வரும் நட்சத்திரமில்லாக் கேள்வியே போதும். நாளொன்றுக்கு 230 அதில் இடம்பெறுகின்றன, பதிலோடு மாவட்டவாரி இணைப்பும் வரும். நட்சத்திரக் கேள்வியை, அமைச்சர் எழுந்து ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டிய விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய கூட்டத்தொடரில் எழுத்துப் பதிலாக வாங்கிய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தொடரில் துணைக்கேள்வி போடுவதுதான் பலன் தரும் வரிசை.

வீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் 2016-ல் தொடங்கியபோது சமவெளியில் ஒரு வீட்டுக்கு ரூ.1.20 லட்சம், மலைப்பகுதியில் ரூ.1.30 லட்சம் என்று வைத்தார்கள். ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்பதால் சமவெளி வீட்டுக்கு ஒன்றிய அரசு தருவது 72,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் மேலும் 2 கோடி வீடுகளோடு 2028-29 வரை திட்டத்தை நீட்டித்தபோதும் தொகை அதேதான். இதற்கிடையில் சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், கொத்தனார் கூலி எல்லாம் எங்கே போயிருக்கின்றன என்பது உங்கள் தொகுதியில் வீடு கட்டும் எவரைக் கேட்டாலும் தெரியும். மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு ரூ.3.50 லட்சம். ஒன்றியத் திட்டத்தின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 269 சதுர அடி. சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் ஒன்றியத் திட்டத்தில் 446 ரூபாய், மாநிலத் திட்டத்தில் 972 ரூபாய். இந்த இடைவெளியை அடைக்கத்தான் மாநிலம் கான்கிரீட் கூரைக்கெனத் தனியாகப் பணம் சேர்க்கிறது, பயனாளி வட்டிக்கு வாங்குகிறார்.

வீடு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பிரச்சினை இன்னும் தெளிவாகத் தெரியும். தவணைகள் அடித்தளம், லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட் பட்டை), கூரை, நிறைவு என்று கட்டம் கட்டமாக, புகைப்படம் ஏற்றிய பிறகுதான் வரும். பணத்தை முதலில் போட்டு வேலையை முடித்தால்தான் அடுத்த தவணை. கையில் முன்பணம் இல்லாதவர்களின் வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுவிடுகிறது; கம்பியும் கான்கிரீட்டும் ஒரே நாளில் பெரும் தொகையைக் கேட்கும் கட்டம் அதற்கு அடுத்ததுதான். இரண்டு மழைக்காலம் நனைந்த சுவரின்மேல் கூரை போடுவதற்கு முன் பூச்சையும் நீட்டி நிற்கும் துருக்கம்பியையும் சரிசெய்ய வேண்டும், அந்தச் செலவுக்கு எந்தத் தவணையிலும் இடமில்லை. ஆனால் ஒப்புதல், நிறைவு என்ற இரண்டு எண்களை மட்டும் கேட்டுப் பதில் வாங்கினால் இந்த வீடுகள் கண்ணிலேயே படாது.

ஆகவே கேள்வியை இப்படி வரையலாம்:

"(அ) ஊரக வீட்டுத் திட்டத்தில் 2016-ல் நிர்ணயித்த அலகுத் தொகையைக் கட்டுமானப் பொருள் விலையோடு ஒப்பிட்டு அமைச்சகம் மறுஆய்வு செய்ததா, செய்திருந்தால் எந்தத் தேதியில், முடிவு என்ன, (ஆ) தொகையை உயர்த்தும்படி நாடாளுமன்ற ஊரக வளர்ச்சி நிலைக்குழு செய்த பரிந்துரைகளின்மேல் எடுத்த நடவடிக்கை என்ன, (இ) தமிழ்நாட்டில் ஒப்புதலாகி 12 மாதம் கடந்தும் முடியாத வீடுகள் மாவட்டவாரியாக எத்தனை, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, (ஈ) முந்தைய கட்டத்தின் புகைப்படம் ஏற்றப்பட்டும் அடுத்த தவணை 30 நாளுக்குள் போகாத வீடுகள் எத்தனை?"

ஒரு கேள்வி 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும் என்பது விதி; இது அதற்குள் வரும். 12 மாதம் என்பது திட்டத்தின் வழிகாட்டி நெறியிலேயே உள்ள கெடு. எனவே (இ)-யை மாநில விவகாரம் என்று ஒதுக்க முடியாது. விவரங்கள் திட்டத்தின் இணையப் பதிவேடான ஆவாஸ்சாஃப்ட் தளத்திலேயே இருப்பதால் "தகவல் திரட்டப்படுகிறது" என்றும் சொல்ல முடியாது. பயனாளிக்கு 100 நாள் வேலைத் திட்டத்திலிருந்து சமவெளியில் 90 நாள் கூலி சேரும் ஏற்பாடு ஒன்றும் இருந்தது. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது. பாதியில் நிற்கும் வீடுகளுக்கு அந்தக் கூலி எந்தக் கணக்கில், யார் பங்கில் வரும் என்று தனியாக ஒரு கேள்வி போடுங்கள். வீட்டுக்காரருக்கு அது பல ஆயிரம் ரூபாய் விஷயம்.

நகர்ப்புறத்தில் சிக்கல் வேறு. நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024-ல் தொடங்கியது. சொந்த நிலத்தில் கட்டிக்கொள்ளும் பிரிவில் பட்டா இல்லாதவர் நுழையவே முடியாது. நீர்நிலைப் புறம்போக்கிலும் கோயில் நிலத்திலும் இரண்டு தலைமுறையாக இருப்பவர்கள் மறுகுடியமர்வுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இன்றும் நமக்குப் பாடம்: வீடு ஒரு துறை, பேருந்து ஒரு துறை, பள்ளி ஒரு துறை என்று பிரிந்து நின்றதில், வீட்டுச் சாவி கையில் கிடைத்த குடும்பம் வேலையை இழந்தது. ஒப்புதல் தரும் டெல்லிக் குழு, குடியிருப்பிலிருந்து பேருந்து நிறுத்தமும் பழைய வேலையிடமும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறதா, அந்தத் தூரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், வைக்கச் சொல்லி நிலைக்குழுவில் பேச உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

போக்குவரத்தில் கோவை, மதுரை மெட்ரோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2025 நவம்பரில் இரண்டு நகரங்களின் மெட்ரோ திட்ட அறிக்கைகளையும் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் அந்த அளவு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது. அவையில் இதற்கு எதிராகக் குரல் எழுப்பினீர்கள், சரி. ஆனால் கேட்க வேண்டிய கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த எல்லையின் மக்கள்தொகை? மாநகராட்சி எல்லை, உள்ளூர்த் திட்டப் பகுதி, கணக்கெடுப்புத் துறை வகுக்கும் நகர்த்திரள் (நகரமும் அதை ஒட்டி வளர்ந்த பகுதிகளும்) என்று மூன்று எல்லைகள் உண்டு, மூன்றுக்கும் மூன்று எண்கள். கோவை நகர்த்திரளின் மக்கள்தொகை 2011-லேயே 21 லட்சத்தைத் தாண்டியிருந்தது. போபாலுக்கு 2018-லும், ஆக்ராவுக்கும் பாட்னாவுக்கும் 2019-லும் ஒப்புதல் தந்தபோது எந்த எல்லையை எடுத்தார்கள்? நகரவாரியாக, எல்லையின் பெயரோடு, கணக்கெடுப்பு ஆண்டோடு ஓர் அட்டவணை கேளுங்கள். அந்த அட்டவணை ஒரு பக்கம்தான் இருக்கும். பத்து நிமிட உரை செய்யாததை அது செய்யும். மதுரைக்கு நகர்த்திரள் எண்ணும் 20 லட்சத்தை எட்டவில்லை. அங்கே வாதம் வேறாக, 2011-க்குப் பிறகான வளர்ச்சியையும் பயணிகள் எண்ணிக்கை மதிப்பீட்டையும் பற்றியதாக இருக்க வேண்டும். இரண்டு நகரங்களையும் ஒரே கேள்வியில் சேர்த்தால் பலவீனமான வாதம் பலமானதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் இன்னொரு வகைப் பாடம். 118.9 கிலோமீட்டர், ரூ.63,246 கோடி. இதை ஒன்றியத் துறைத் திட்டமாக ஏற்றது 2024 அக்டோபரில்தான். அதுவரை கடன்சுமை மாநிலத்தின்மேல் இருந்தது. ஏற்றபின் ஆண்டுதோறும் பங்குத்தொகை எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் எவ்வளவு விடுவிக்கப்பட்டது என்ற இரண்டு எண்களையும் ஒவ்வொரு வரவுசெலவுக் கூட்டத்தொடரிலும் கேட்டு வையுங்கள்.

ரயில்வேயில் நீங்கள் படிக்க வேண்டியது வேலைவாரி ஒதுக்கீடு அச்சாகும் பிங்க் புத்தகம். பல ஆண்டுகளில் தமிழ்நாட்டின் புதிய பாதைகள் சிலவற்றுக்கு நேராக ஆயிரம் ரூபாய் என்று இருக்கும். திட்டம் கைவிடப்படவில்லை என்று காட்டுவதற்கான அடையாளத் தொகை அது. திண்டிவனம் - திருவண்ணாமலை பாதை இப்படிப் பல காலம் கிடந்தது. நிலம் எவ்வளவு ஹெக்டேர் தேவை, மாநிலம் எவ்வளவு ஒப்படைத்தது, ரயில்வே எந்தத் தேதியில் பணம் கட்டியது என்ற மூன்றையும் ஒரே பதிலில் வாங்கினால்தான் யார் தாமதப்படுத்துகிறார்கள் என்பது வெளிச்சத்துக்கு வரும். மாநிலத்தின் தாமதம் என்று தெரிந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் சொல்லுங்கள்.

ரயில்வே கேட்டுகளைப் பற்றியும் ஒன்று. ரயில்களின் எண்ணிக்கையை வாகன அலகுகளால் பெருக்கி வரும் டி.வி.யு. ஒரு லட்சத்தை எட்டினால் ரயில்வேயும் மாநிலமும் செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டலாம். 40 ரயில், 2,500 வாகன அலகு என்றால் சரியாக ஒரு லட்சம். உங்கள் தொகுதியின் கேட்டுக்குக் கடைசியாக எப்போது கணக்கெடுத்தார்கள் என்று கேளுங்கள். பழைய கணக்கை வைத்துத் தகுதியில்லை என்று சொல்லும் இடங்களில் மறுகணக்கெடுப்பே பாதி வெற்றி.

தகுதியில்லாத இடங்களில் கேட்டை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை போடுகிறார்கள். மழை வந்தால் அதில் இடுப்பளவு தண்ணீர். காரணம் எளிமையானது: பாதையின் தரைமட்டம் சுற்றியுள்ள வாய்க்காலைவிடக் கீழே இருப்பதால் தண்ணீர் தானாக வடியாது. தேங்கும் நீரைச் சேர்க்கும் கிணறு, மோட்டார், மின்சாரம் போனால் ஓட ஜெனரேட்டர், சாலைத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி இரு வாயிலிலும் மேடு, அதன் அருகே குறுக்கே கம்பி மூடியிட்ட வடிகால், இறக்கத்தின்மேல் கூரை, இவ்வளவும் வேண்டும். கட்டியது ரயில்வே; அதன்பின் மோட்டாரை ஓட்டுவதும் மின்கட்டணம் கட்டுவதும் பெரும்பாலும் ஊராட்சியின் தலையில் விழுகிறது. அந்த ஊராட்சியின் ஆண்டு வருமானம் சில லட்சம்தான். பொது அமைப்பு வரைபடம் ஒப்புதலாகும் கட்டத்திலேயே, திறப்பு விழாவுக்கு நெடுநாள் முன்பு, வடிகால் எங்கே சேர்கிறது, பராமரிப்பு யார் செலவு என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். கட்டி முடித்தபிறகு, தொகுதிப் பிரச்சினையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவரும் மக்களவை விதி 377-ன் கீழ் எழுப்பினால் ஒரு பதில் கடிதம் கிடைக்கும். தண்ணீர் வடியாது.

உள்ளாட்சிக்கு வருகிறோம். ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அரசமைப்பில் இடம் தந்த 73, 74-வது திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசமைப்பின் கட்டளை. தமிழ்நாட்டில் 2016-ல் முடிந்த பதவிக்காலத்துக்கு ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரிலும், மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத்தில் 2022 பிப்ரவரியிலும்தான் நடந்தன. 2019-ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, அங்கே தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத இடத்துக்கு நிதிக்குழு மானியம் நிற்கும். 15-வது நிதிக்குழு, கணக்குகளை இணையத்தில் ஏற்றுவது, தணிக்கை, நகரங்களுக்குச் சொத்துவரிக் குறைந்தபட்ச வீதம், மாநில நிதிக்குழுவின் அறிக்கைமேல் சட்டமன்றத்தில் நடவடிக்கை என்று வேறு நிபந்தனைகளும் வைத்தது.

இதில் உங்கள் வேலை நிதி அமைச்சகத்தை நோக்கியது: தவணைவாரியாகப் பரிந்துரைத்த தொகை, விடுவித்த தொகை, தேதி, நிறுத்தியிருந்தால் எந்த நிபந்தனையால், எத்தனை உள்ளாட்சிகளுக்கு. கணக்கு ஏற்றாத பத்து ஊராட்சிகளால் மாவட்டமே நிற்கிறதா, அந்தப் பத்துக்கு மட்டும் நிற்கிறதா என்பதை இந்தப் பதில் சொல்லிவிடும். 2026-27 முதல் 2030-31 வரைக்கான 16-வது நிதிக்குழுக் காலத்துக்கும் இதே கேள்வி அப்படியே பொருந்தும். அதோடு மாநிலத்துக்கு உரிமை கேட்டு டெல்லியில் பேசும் எவரும், ஊராட்சிகளுக்குத் தேர்தலை உரிய காலத்தில் நடத்தச் சொல்லிச் சென்னையிலும் பேச வேண்டும். அதிகாரப் பரவல் பற்றிய நம் வாதத்தின் பலம் அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

பதில் வந்தபிறகு நடப்பதுதான் மிகவும் கவனிப்பில்லாத பகுதி. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அரசு உறுதிமொழிகளுக்கான குழு அதற்காகவே இருக்கிறது. உங்கள் உதவியாளரிடம் ஒரு சாதாரண நோட்டில் கேள்வி எண், தேதி, அமைச்சர் சொன்ன வரி, மூன்று மாதக் கெடு என்று நான்கு கட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கெடு கடந்தால் குழுவுக்குக் கடிதம். பதில் அரைகுறையாக இருந்தால் விதி 55-ன் கீழ் அரைமணி நேர விவாதம் கோரலாம், அதற்கு மூன்று நாள் முன்னறிவிப்பு. நிலைக்குழுவில் இடம் இருப்பவர்கள் மானியக் கோரிக்கை ஆய்வில் அதே எண்ணை எடுத்து வைத்தால் அறிக்கையில் பரிந்துரையாக மாறும். அதற்கும் அரசு மூன்று மாதத்தில் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும். தனிநபர் மசோதாவால் கவனம் திரட்டலாம், அதற்குமேல் இந்தத் துறைகளில் அதை நம்பியிருக்க வேண்டாம்.

தொகுதி மேம்பாட்டு நிதியான ஆண்டுக்கு ரூ.5 கோடியைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். உயர்கோபுர விளக்கோ பயணியர் நிழற்குடையோ பரிந்துரைக்கும் முன், மின்கட்டணமும் பழுதுபார்ப்பும் எந்த உள்ளாட்சியின் எந்தக் கணக்கில் என்று தீர்மானம் வாங்குங்கள். நிழற்குடை என்றால், பேருந்து அங்கே நிற்கும் என்று போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரின் எழுத்தும் வேண்டும். வழித்தடத்தை விட்டு ஐம்பது மீட்டர் தள்ளிக் கட்டிய நிழற்குடையில் யாரும் நிற்பதில்லை.

கடைசியாக, ஒன்றிய அரசுத் திட்டங்களை மாவட்ட அளவில் கண்காணிக்கும் திஷா குழுவின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய கூட்டம். தலைமை மக்களவை உறுப்பினர், உறுப்பினர்-செயலர் மாவட்ட ஆட்சியர். வீட்டுத் திட்டம், கிராமச் சாலை, நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்கான அம்ருத் எல்லாம் அதன் கண்காணிப்பில் வருபவை. நாடாளுமன்றத்தில் வாங்கிய மாவட்டவாரி இணைப்பையும் கூட்டத்தில் அதிகாரிகள் தரும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் எந்த ஊராட்சி ஒன்றியம், எந்தப் பேரூராட்சி என்று கூட்டக் குறிப்பிலேயே பதியச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன், உங்கள் மாவட்டத்தில் லிண்டல் மட்டத்தில் நிற்கும் வீடுகளையும் மழைக்குத் தேங்கும் ரயில்வே சுரங்கப்பாதைகளையும் ஊர்வாரியாகத் தொகுத்துத் தர நாங்கள் தயார். கூட்டத் தேதியை 20 நாள் முன்கூட்டி அறிவித்தால் போதும்.

இப்படிக்கு,
வீட்டுவசதி, போக்குவரத்து, உள்ளாட்சிப் பணிகளில் இருக்கும் தமிழ்நாட்டு வாக்காளர்கள்